வபிவா அக்காவின் பாதி மாத்திரை

வபிவா அக்காவின் கோப்பில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வரி எழுதி வைத்தார்கள். "நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. எடுத்துச் சொல்லியும் ஒத்துழைக்கவில்லை." ஆறு வருடமாக அந்த வரி என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அக்காவின் மகள் செரபின்தான் கம்ப்யூட்டரில் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் வண்டி ஓட்டவும் ஃபேக்டரியில் திட்டு வாங்கவும் வரும். படிக்க வராது. நாலாம் வகுப்போடு அப்பா என்னைப் படகில் ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப்போய்விட்டார்.

ஒழுங்கில்லாதவள் என்று அவளை எழுதினவர் ஒரு நாள் அவள் வீட்டுப் படியேறி வந்து பார்த்திருக்க வேண்டும். வாசலில் செருப்பு, பூட்ஸ் எல்லாம் சிப்பாய் மாதிரி வரிசையாக நிற்கும். ஹோட்டல் சலவை அறையில் அவளுக்கு வேலை. அவள் மடித்த விரிப்பின் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். மற்றவர்கள் மடித்ததைச் சூப்பர்வைசர் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வான். இவள் மடித்ததைத் தொடமாட்டான். அகதி முகாமில் பதினாறு வருடம் தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றவள். ஒரு தரம்கூட இன்னொருத்தியின் குடத்தைத் தள்ளிவைத்ததில்லை. தள்ளிவைத்தவளை விட்டதும் இல்லை.

எங்கள் சனம் ஏரிக்கு மேற்கே ஃபீசி ஊர்ப் பக்கத்துப் பெம்பே சனம். சண்டை வந்து ஏரியைக் கடந்து, அக்கரை நாட்டில் கிகோமா ஊருக்கு அந்தப் பக்கம் முகாமில் விழுந்தோம். அங்கே அவள் குடிசையும் என் குடிசையும் எதிரெதிர். அவள் புருஷன் முகாமிலேயே காய்ச்சலில் போனான். அமெரிக்காவுக்கு ஆள் எடுத்தபோது எங்கள் பெயர் முதலில் வந்தது, அவள் பெயர் அடுத்த வருடம் வந்தது. பஃபலோவில் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டில் கீழே நான், என் மனைவி, நாலு பிள்ளைகள். மாடியில் அக்காவும் செரபினும். எல்லாரும் அவளை செரபின் அம்மா என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை, அடோஷா. அவள் பெயர் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

வந்தவுடன் எல்லாருக்கும் உடம்பு பரிசோதனை செய்வார்கள். அக்காவுக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. நான்தான் கூட்டிப்போயிருந்தேன். டாக்டரம்மா சின்ன வயது, நல்ல மாதிரி. மேசைமேல் ஒரு ஃபோன். அதற்குள் எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் எங்கள் பேச்சை ஆங்கிலத்தில் சொல்வார், ஆங்கிலத்தை எங்களுக்குச் சொல்வார். மரியாதையான கடற்கரை ஸ்வாஹிலி, பிரசங்கம் மாதிரி.

"இந்த மாத்திரையைத் தினமும் ஒன்று சாப்பிட வேண்டும், தாயே."

"எத்தன நாளைக்கு?"

"வாழ்நாள் முழுவதும்."

அக்கா மாத்திரைப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாகற வரைக்குமா? அப்போ இது மருந்தில்ல, புருஷன். போன புருஷன் பரவால்ல, பாதியிலயே விட்டுட்டுப் போனான்."

ஃபோனுக்குள் அந்த மரியாதைக்காரர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா என்ன, என்ன என்று கேட்டாள். "அவங்களுக்குப் புரிந்தது" என்று மட்டும் அவர் சொன்னார்.

மூன்று மாதம் அக்கா முழு மாத்திரைதான் சாப்பிட்டாள். ரத்த அழுத்தமும் இறங்கியது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நாங்கள் எல்லாரும் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது அடோஷா கூப்பிட்டாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது. தலையைப் பிளக்கிறதாம். மூக்கில் ரத்தம் வருகிறதாம். கிளினிக்கில் உனக்கும் அக்காவுக்கு இருக்கிற அதே வியாதி என்று சொன்னார்களாம். மாத்திரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள், அப்புறம் தீர்ந்துவிட்டது, அடுத்த லாரி வரட்டும் என்கிறார்களாம்.

முகாமில் இருந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. பத்து மாத்திரை வாங்கிக்கொண்டு குடிசைக்கு வருவதற்குள் மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதே காய்ச்சலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வாசலில் நிற்பாள். ஐந்தை எண்ணிக் கொடுப்போம். அதைத் தருமம் என்று யாரும் நினைத்ததில்லை. அடுப்புப் பற்றவைக்கக் கங்கு கேட்டால் கொடுப்பது மாதிரிதான். என் மூத்தவன் பிழைத்தது அக்கா கொடுத்த ஐந்து மாத்திரையில். அவளுடைய செரபினுக்கு மீதி ஐந்து.

அன்று சாயந்திரம் மாடிக்குப் போனேன். அக்கா தக்காளி வெட்டும் கத்தியை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்துவைத்து, மாத்திரையை விரலால் அமுக்கிக்கொண்டு வெட்டினாள். முதல் மாத்திரை துள்ளிப்போய் அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. நான் முட்டிபோட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, இது உனக்கு எழுதிக் குடுத்தது."

"எனக்குத்தான் எழுதினது. அவ தலையென்ன வேற அம்மா வயித்துலருந்தா வந்துச்சு?"

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்ல."

"கேட்டா வேண்டாம்பா. வேண்டாம்னதுக்கு அப்புறம் அனுப்பினா அது திருட்டு. கேக்காம அனுப்பினா அனுப்பறது, அவ்வளவுதான்."

ஒரு பாதி அவள் புட்டிக்குள். மறு பாதி கழுவித் துடைத்த வாஸ்லின் டப்பாவுக்குள். கடைசியில் மூடியில் ஒட்டியிருக்கும் தூளை விரலால் தொட்டு நக்கிக்கொள்வாள். "இது என் கமிஷன்" என்பாள். எங்கள் பாஸ்டர் பியோம்பே வருடத்துக்கு மூன்று தடவை கிகோமாவுக்குப் போய் வருவார். பிள்ளைகளின் காலுறைகளுக்கு நடுவில் டப்பாவைச் சுருட்டி அவர் பெட்டியில் நான்தான் வைப்பேன்.

அடோஷாவின் தலைவலி நின்றது. அக்காவின் அழுத்தம் ஏறியது.

டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பாள். "மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா?" அக்கா ஒவ்வொரு தடவையும், "தினமும் சாப்பிடறேன்" என்பாள். அது பொய்யில்லை. ஒரு நாள் தவறியதில்லை. எவ்வளவு என்று அவள் கேட்டதில்லை, இவள் சொன்னதில்லை. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாவது மாத்திரை எழுதினாள். கொஞ்ச மாதம் கழித்து மூன்றாவது. அக்கா அவை இரண்டையும் வெட்டக்கூட இல்லை. அப்படியே டப்பாவில் போட்டாள்.

"எனக்குப் பழகினது போதும். புதுசு அவளுக்கு."

அடோஷா என்ன செய்தாள்? அக்காவுக்குத் தங்கைதானே. வந்ததில் பாதியைப் பக்கத்துக் குடிசைக்காரிக்குக் கொடுத்தாள். அதையும் ஃபோனில் பெருமையாகச் சொன்னாள்.

நடுவில் நர்ஸ் ஒருத்தி அக்காவை உட்காரவைத்து உப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள். சுவரில் படம் வேறு. எங்கள் ஏரியின் நெத்திலிக் கருவாடுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டாள். அக்கா ஐந்து மாதம் கருவாட்டைத் தொடவில்லை. மரவள்ளிக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்றாள். அடுத்த தடவையும் அழுத்தம் இறங்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் சொன்னாள்: "அஞ்சு மாசம் வெறும் களியத் தின்னேன். அந்த மிஷினுக்கு ஒரு பொட்டு இரக்கம் இல்ல பாரு."

"கருவாடு பாவம், அது என்ன பண்ணும். நாம சொல்லிடலாம் அக்கா."

"என்னன்னு?"

"அடோஷாவப் பத்தி."

"ஒஹாயோல ஒருத்தன் கதை கேட்டியா? ஊருக்கு மருந்து அனுப்பினான்னு அவன் மருந்துக் கார்டப் பிடுங்கிட்டாங்களாம். என் குடியுரிமைத் தாளு இப்பதான் மேலிடத்துக்குப் போயிருக்கு. நீ வாய மூடிட்டு ரோட்டப் பாரு. சிவப்பு விழுந்துருச்சு."

அந்த ஒஹாயோக்காரனை நான் பார்த்ததில்லை. பார்த்தவனையும் பார்த்ததில்லை. ஆனால் கதை எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது, நானும் நம்பினேன். கார்டு போனால் மாத்திரையே இல்லை. அவளுக்கும் இல்லை, அடோஷாவுக்கும் இல்லை.

அந்தப் பிப்ரவரியில் ஹோட்டலின் பின்வாசலில், குப்பைப் பையோடு இறங்கும்போது பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று எனக்குத்தான் ஃபோன் செய்தாள். ஃபேக்டரியில் சொல்லிவிட்டு ஓடினேன். அவள் அங்கே படியில் உட்கார்ந்து, வீங்கின காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, குப்பைப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"லேட்டு. நீ வர்றதுக்குள்ள காலு தானா ஒட்டிக்கிச்சு."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ஆணி வைக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். வலிக்கு ஊசி போட்டதும் அக்கா கண் செருகித் தூங்கிவிட்டாள். செரபின் ஸ்கூலில் பரீட்சையில் இருந்தாள். ஒரு நர்ஸ் மருந்துப் பட்டியல் தாளோடு வந்தார். வயசானவர், நாலு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்கிற முகம். மொழிபெயர்ப்புக்காரருக்கு ஃபோன் போட்டார். பாட்டு ஓடியது. இருபது நிமிஷம் பாட்டே ஓடியது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க குடும்பமா?"

"தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல.

தாளை என் பக்கம் திருப்பி மூன்று வரியையும் விரலால் காட்டினார். "இது எல்லாத்தையும் தினமும் எடுத்துக்கறாங்களா?"

படிக்காதவன்தான், ஆனால் அந்த மூன்று பெயரின் வடிவம் எனக்குத் தெரியும். எத்தனை தடவை காலுறைக்குள் சுருட்டியிருக்கிறேன். ஒஹாயோக்காரன் ஞாபகம் வந்தான். அக்காவின் குடியுரிமைத் தாள் ஞாபகம் வந்தது. கட்டிலைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்" என்றேன். "தினமும்."

அதற்கு மட்டும் என் ஆங்கிலம் போதுமாக இருந்தது.

அவர் மேல் குற்றமில்லை. தாளில் இருந்ததை, நான் சொன்னதை நம்பி, மூன்றையும் முழுசாகக் கொடுத்தார்கள். அன்றைக்கும் மறுநாள் காலையும். பாதி மாத்திரைக்குப் பழகின உடம்பு. மறுநாள் மத்தியானம் நான் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என்னை வெளியே நிறுத்தினார்கள். ரத்த அழுத்தம் தரையைத் தொட்டுவிட்டது என்றார்கள். தலைக்குப் போகிற ரத்தம் குறைந்துவிட்டது, சிறுநீரகத்துக்கும் குறைந்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் கழித்து அவள் கண் திறந்தபோது இடது கையும் இடது காலும் அவள் சொல் கேட்கவில்லை. பேச்சு மட்டும் வந்தது. அது போயிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

டாக்டரம்மா வந்தாள். தன் கிளினிக்கை விட்டு இவ்வளவு தூரம் வந்து பார்த்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். செரபின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள். அக்கா இனி மறைத்து என்ன என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாதி மாத்திரை, வாஸ்லின் டப்பா, அடோஷா. செரபினுக்கே அன்றுதான் முழுசாகத் தெரியும்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றாள் டாக்டரம்மா.

"சொல்லியிருந்தா என் தங்கச்சிக்கும் மாத்திர எழுதிக் குடுத்திருப்பியா?"

"முடியாது. அவர் என் நோயாளி இல்லை."

"என்னையாவது அனுப்ப விட்டிருப்பியா?"

"இல்லை."

"அப்போ சொல்லி என்ன ஆகப் போவுது, மகளே" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை.

டாக்டரம்மா அவளுடைய செத்த கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போனாள். அந்த வரி கோப்பில் ஏறியது அதற்கு அடுத்த நாள். அவள் எழுதினாளா, வேறு யாராவது எழுதினார்களா, தெரியாது. அதை எழுதினவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஆமாம், தினமும்" என்று சொன்னவன் பெயர் அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலம் இருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிற இடத்துக்குக் கூட்டிப்போவேன். நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வேன் உண்டு, ஆனால் அது வாசலில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். மாடியிலிருந்து அவளை இறக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். இரண்டு தடவை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதனால் ஃபேக்டரியில் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன். காலை நாலரைக்கு அவளை முதுகில் சுமந்து இறங்குவேன்.

"மெதுவா எறங்குடா. முகாம்ல மாவு மூட்டைய இதவிட மரியாதையா எறக்குவ."

"மாவு மூட்ட பேசாது அக்கா."

ஒரு நாள் வண்டியில் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நர்ஸ் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் கண்ணாடி வழியாக வெளியே உறைந்துகிடந்த இந்த ஊர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அந்த நர்ஸம்மா செரபின்கிட்ட சொல்லியிருக்கு, உன் தம்பிதான் சொன்னார்னு. நான் முழிச்சிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்." கொஞ்சம் கழித்து, "ஆனா நீயா சொன்னது தப்புதான்" என்றாள்.

வண்டியை நிறுத்தி, அவளை முதுகில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் விட்டேன்.

அடோஷாவுக்குப் போகிற மருந்து நின்றுவிட்டது. அக்காவால் ஒரு கையால் வெட்ட முடியாது. செரபினிடம் கேட்டதற்கு, "அம்மாவ இப்படிப் படுக்க வெச்ச மருந்த நான் பொட்டலம் கட்டமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளையையும் குற்றம் சொல்ல முடியாது. அடோஷா மறுபடி தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். அந்த ஃபோன் வருகிற நாளில் அக்கா சாப்பிடமாட்டாள்.

இரண்டாவது பனிக்காலக் கடைசியில் அவளுக்கு நெஞ்சில் நீர் சேர்ந்துவிட்டது. ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினை உடம்பு தாங்கவில்லை. மறுபடி அதே ஆஸ்பத்திரி, வேறு மாடி. செரபின் துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கிட்டே வா என்று கண்ணால் கூப்பிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"மேல் அலமாரில, மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒரு பை இருக்கு. செரபினுக்குத் தெரியாது."

"என்ன பை?"

"பழைய மாத்திர. டாக்டரம்மா நிறுத்தினாலும் மருந்துக்கடைக்காரன் நிறுத்தல. தபால்ல வந்துட்டே இருந்துச்சு. நான் வேணாம்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, இருமலாக.

"பாஸ்டர் ஈஸ்டருக்கு முன்னாடி போறாராம்" என்றாள்.

"குடுத்துடறேன்."

"சும்மா குடுத்துடாத. கேளு. வட்டமா வெள்ளையா இருக்கறத மட்டும் எடு. மத்த ரெண்டயும் கொட்டிடு, அது ஆளக் கொல்லும். வெள்ளைய நீ உக்காந்து வெட்டு. எல்லாத்தயும். அவ இத்தன நாளு ஒண்ணும் இல்லாம கெடக்கா, முழுசாப் போச்சுன்னா ஆசயில முழுசா முழுங்கிடுவா. என்னைய மாதிரி ஆயிடுவா."

"சரி அக்கா."

"தக்காளிக் கத்தி. மூடியக் கவுத்து வெச்சு, விரலால அமுக்கிக்க. உன் கையி மீன் வெட்டின கையி, அதுக்குப் பொறுமை கெடையாது. துள்ளும். தேடி எடு."

"எடுக்கறேன்."

"ரெண்டு பாதியயும் அவளுக்கே அனுப்பு. இங்க நிறுத்தாத. பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுக்காதடின்னு சொல்லு. கேக்கமாட்டா. இருந்தாலும் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மூடியில தூளு ஒட்டியிருக்கும். நீ நக்கிடாத. அதயும் தட்டி டப்பால போடு."